பதினொன்றும் பதினான்கும்

நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். லாபிர் முதலாளி அதை ஸ்டோரின் நீளக் கொப்பியில் என் பெயருக்கு நேரே எழுதி, நான் பார்க்கும்படி கொப்பியைத் திருப்பி வைத்தார். ஸ்கேனுக்கு முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு, நரம்பில் ஏற்றும் மருந்துக்கு மூவாயிரம், பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்குமாக ஆயிரத்து இருநூற்றைம்பது. கிழமைக்கு ஆயிரத்து ஐந்நூறு என் வாரக் கூலியில் பிடிப்பதாகப் பேச்சு. இருபத்தெட்டுக் கிழமை போகும். அதற்கு மேலும் ஒரு எழுநூற்றைம்பது வாலாக நிற்கும்.

“வட்டி இல்ல ராமசாமி, அது எங்களுக்கு ஹராம்,” என்றார். “ஆனா மறதியும் இல்ல.”

மாத்தளை டவுனில் அவருடைய மிளகு ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக மூட்டை தூக்குகிறேன். இவ்வளவு பணத்தை ஒரே கையாக வாங்கியது அன்றைக்குத்தான். வாங்கிய பணம் மறுநாள் காலை பத்து மணிக்கு, ஏசி போட்ட ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது. அவர்கள் எங்களுக்கு ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். காகிதத்தில் பதினான்கு என்று இருந்தது.

அதற்கு முந்தைய வருடத்துக் காகிதத்தில் பதினொன்று.

என் மனைவி நல்லம்மாவின் இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி இருக்கிறது. அவள் பலாபத்வலைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டுச் சேலைத் தொட்டில் வரிசையாகத் தொங்கும். அழுகையை வைத்தே பசியா, ஈரமா, எறும்பா என்று சொல்லிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் பிழையான தொட்டிலுக்கு ஓடத் தொடங்கினாள். அழுவது கேட்கிறது, எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை. ஒரு காதால் சத்தத்தைக் கேட்கலாம், சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. “தூங்குற புள்ளயப் போய் எழுப்பி ரெண்டையும் சேத்து அழ வைக்கிறேன்,” என்று சிரித்துக்கொண்டுதான் முதலில் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த முதல் ஸ்கேனில் கட்டி பதினொரு மில்லிமீற்றர். கெட்ட கட்டி இல்லை என்றார் டொக்டர். மெதுவாக வளரும், சிலருக்கு வளராமலே கிடக்கும். ஒரு வருடம் பொறுத்து இன்னொரு ஸ்கேன். இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர்ந்திருந்தால் தலையைத் திறக்க வேண்டும். திறந்தால் இடது காதில் மிச்சமிருக்கும் கேட்கும் சக்தியும் போய்விடும். பக்கத்திலேயே முகத்து நரம்பு ஓடுகிறது, அதில் பட்டால் வாய் ஒரு பக்கம் கோணலாம். நல்லம்மா இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போதுதான் பேசினாள்.

“காது போனாலும் போகட்டுங்க. புள்ளைங்க மூஞ்சியப் பாத்துத்தானே சிரிக்குதுங்க. கோணல் மூஞ்சியப் பாத்து எது சிரிக்கும்?”

ஒரு வருடம் கழித்துப் போனபோது அந்த மெசின் உடைந்து கிடந்தது. சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். வெளியில் எடுத்துக்கொண்டு வரச்சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்படித்தான் கடனும் வந்தது, பதினான்கும் வந்தது.

நான் எழுத்துக் கூட்டப் பழகியது நாற்பத்தொரு வயதில், மூட்டைகளில் அடித்திருக்கும் பெயர்களைப் பார்த்துப் பார்த்து. இங்கிலீஷ் இன்னும் வராது. ஆனால் இலக்கத்துக்குப் பாஷை இல்லை. இரண்டு காகிதத்தையும் வீட்டு வாசல் இஸ்தோப்பில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மேலேயிருந்து கீழே வரை இலக்கங்களை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். வேறாக இருந்தது பதினொன்றும் பதினான்கும் மட்டும் இல்லை. அடியில் சின்ன எழுத்தில் ஒரு இடத்தில், பழைய காகிதத்தில் 5 இருந்தது, புதியதில் 1 இருந்தது. என்ன அது என்று தெரியாது. ஆனால் நிறுப்பவன் அப்படியான ஒன்றைப் பார்த்தால் தாண்டிப் போக மாட்டான்.

எங்கள் ஸ்டோரில் மூன்று தராசு. மூன்றும் ஒரே மூட்டைக்கு மூன்று நிறை சொல்லும். அதனால் கதவு திறந்ததும் என் முதல் வேலை, பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைத் தூக்கி ஒவ்வொரு தராசிலும் வைப்பது. அது இருபது கிலோ முந்நூறு கிராம். மழைக்கும் வெயிலுக்கும் மாறாது. எந்தத் தராசு அன்றைக்கு எவ்வளவு பொய் சொல்கிறது என்று சுவரில் சோக்கால் எழுதிவிடுவேன். நாவுலயிலிருந்து மிளகு கொண்டுவரும் பதுர்தீன் ஒருமுறை, வீட்டில் அறுபத்திரண்டு கிலோ இருந்த மூட்டை இங்கே அறுபது ஆகிவிட்டது என்று தெருவே கேட்கும்படி கத்தினார். அடுத்த நாள் தன் தராசையே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் இரும்பைத் தூக்கி அதில் வைத்தேன். இருபத்தொன்று காட்டியது. பதுர்தீன் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, “அப்ப இவ்வளவு நாளும் ஊட்டுல அரிசியும் கொறவாத்தான் திண்டிருக்கிறம்,” என்றார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது.

ஆகவே கிளினிக்கில் டொக்டர் இரண்டு காகிதத்தையும் பார்த்துவிட்டு, மூன்று மில்லிமீற்றர் வளர்ந்திருக்கிறது, மே மாதம் பதினெட்டாம் திகதி வந்து படுக்க வேண்டும் என்று சொன்னபோது, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்: இரண்டு மெசினிலும் ஒரே இரும்பை வைத்துப் பார்த்தீர்களா?

டொக்டர் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “இரும்பா? அந்த அறைக்குள் இரும்பு கொண்டுபோனீர்களா? யார் விட்டது?” நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். அந்த மெசின் ஒரு பெரிய காந்தம், இரும்பைக் கண்டால் துப்பாக்கிக் குண்டு மாதிரி இழுத்துக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்தது. தராசு, மூட்டை, தண்டவாளம் என்று நான் விளக்க விளக்க அவருடைய முகம் சுருங்கிக்கொண்டே போனது. வெளியில் எழுபது பேர் காத்திருந்தார்கள். “இது மிளகு இல்லை, மூளை. கொம்பியூட்டர் அளக்கிறது,” என்றார். எந்தக் கொம்பியூட்டர், எங்கள் ஸ்டோரில் இருக்கும் தராசிலும் கொம்பியூட்டர்தான் இருக்கிறது, அதுதான் மூன்றிலும் பெரிய பொய்யன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். மனைவியின் தலை அவர் கையில் இருக்கும்போது மனிதனுக்கு எவ்வளவுதான் வாய் வரும்.

ஆனால் பதினெட்டாம் திகதிக்குச் சரியென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நல்லம்மாவை வெளியே மர வாங்கில் உட்காரவைத்துவிட்டு, ஸ்கேன் எடுக்கும் பக்கமாகப் போனேன். உடைந்த மெசினின் அறை பூட்டியிருந்தது. பக்கத்து அறையில் மர்வா மிஸ் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். போன வருடம் நல்லம்மாவை மெசினில் படுக்கவைத்தவர் அவர்தான், மாத்தளைப் பிள்ளை.

“இரும்பு கொண்டுவந்த ஆள் நீங்கதானா அண்ணே?” என்றார். அதற்குள் கதை அங்கே வந்து சேர்ந்திருந்தது.

நான் காகிதங்களை விரித்து, 5 இருந்த இடத்தில் ஒரு விரலும் 1 இருந்த இடத்தில் ஒரு விரலும் வைத்தேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த, முட்டை வைத்துச் சுட்ட பணிஸைக் காட்டினார்.

“இதுக்குள்ள அரை முட்டை இருக்குது. எங்க இருக்குது, எவ்வளவு பெரிசுன்னு வெளியில தெரியாது. மெசின் என்ன செய்யுதுன்னா, தலைய இப்பிடித் துண்டு துண்டா வெட்டிப் படம் பிடிக்குது. எங்கட மெசின்ல அஞ்சு மில்லிமீற்றர் துண்டு. தடிப்புத் துண்டு. முட்டையில அகலமான இடம் ரெண்டு துண்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா, படத்துல கொஞ்சம் சின்னதாத்தான் விழும். அவங்கட மெசின்ல ஒரு மில்லிமீற்றர். மெல்லிசு. எல்லாம் விழும். அங்க மருந்தும் ஏத்தியிருக்கிறாங்க, ஓரம் நல்லாத் தெரியும். காந்தமும் வேற பலம்.”

“அப்ப வளரலையா மிஸ்?”

“அப்பிடிச் சொல்லவும் ஏலாது. வளர்ந்திருக்கலாம். முதலிலயே பதினாலா இருந்திருக்கலாம்.”

“யாருக்குத்தான் தெரியும்?”

அவர் பணிஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெரிய ஆராய்ச்சி நடக்கும் நாடுகளில் இதற்கென்றே சுகமான ஆட்களை வைத்திருப்பார்களாம். அதே ஆளை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு மெசினிலும் படுக்கவைத்து, ஒரே தலைக்கு எந்த மெசின் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்று எழுதிவைப்பார்களாம். பிறகு கணக்குப் போட்டு எல்லா மெசினையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவார்களாம்.

“அந்த ஆள்தான் இரும்பு,” என்றேன்.

“அந்த ஆள்தான் இரும்பு,” என்றார் அவரும். “இங்க ஒவ்வொரு மெசினுக்கும் தண்ணி நிரப்பின ஒரு உருண்டை இருக்குது அண்ணே, மெசின் சரியான்னு வச்சுப் பார்ப்போம். ஆனா அவங்கட உருண்டை அவங்களுக்கு, எங்கட உருண்டை எங்களுக்கு.”

நானே இரண்டிலும் படுக்கிறேன் என்றேன். உங்கள் தலையில் கட்டி இல்லையே, எதை அளப்பது என்றார். நல்லம்மாவைத்தான் இரண்டு மெசினிலும் ஒரே கிழமையில் படுக்கவைக்க வேண்டும். ஒரு மெசின் பூட்டிக் கிடக்கிறது. மற்றதில் படுக்க இன்னொரு முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. வாங்குக்குத் திரும்பி வந்து நல்லம்மாவின் வலது பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் படுக்கக் கேட்டதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒங்க தலைய உள்ள விட்டா இரும்புன்னு மெசின் புடிச்சு வச்சுக்கும். அப்புறம் நான் ஒத்தையாத்தான் பஸ் ஏறணும்.”

“சிரிக்காத. மே மாசம் போறதா, வேணாமா? நீ சொல்லு.”

“இப்பதான் என்னையக் கேக்குறீங்க,” என்றாள். “தடிப்பா வெட்டுன கணக்கையும் மெல்லிசா வெட்டுன கணக்கையும் வச்சு என் மூஞ்சிய வெட்ட வேணாம். அந்த மெசின் சரியாகட்டும்.”

டொக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வளர்ந்தால் பொறுப்பு உங்களுடையது என்று ஒரு காகிதத்தைத் தள்ளினார். நல்லம்மா கைநாட்டு வைத்தாள். கீழே நான் என் பெயரை முழுசாக எழுதினேன். மூன்று சுழி ‘ண’வா இரண்டு சுழி ‘ன’வா என்று யோசிக்கத் தேவையில்லாத பெயர், ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதினேன். பிழை நடந்தால் இந்த எழுத்துத்தான் சாட்சி.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சனிக்கிழமைகள்தான். சனிக்கிழமை பின்னேரம் முதலாளி கூலியை எண்ணுவார், ஆயிரத்து ஐந்நூறை எடுத்து ஒரு பக்கம் வைப்பார், கொப்பியில் கோடு போடுவார். கடன் குறைவது இலக்கமாகத் தெரிந்தது. கட்டி என்ன செய்கிறதென்று எதிலும் தெரியவில்லை. மூட்டையை முதுகில் ஏற்றும்போதெல்லாம் இன்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால் இன்னும் சாமான் வரவில்லை. “என்ன ராமசாமி, டொக்டர்மாருக்கே தராசு புடிக்கப் போனியாமே,” என்று முதலாளி ஆட்கள் முன்னால் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு எழுபது மூட்டை தூக்கினேன். அதே முதலாளி அடுத்த கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு ஸ்கேனுக்குப் பணம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று சொல்லத்தான் ஆசை. இன்னொரு இருபத்தெட்டுக் கிழமையை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் நல்லம்மா பிள்ளைக் காம்பராவிலிருந்து ஒரு கிலுகிலுப்பையைக் கொண்டுவந்தாள். பால்மா டின்னுக்குள் மிளகைப் போட்டு மூடியை மெழுகால் ஒட்டி அவளே செய்தது.

“மெசின விடுங்க. இத ஆட்டுங்க.”

இஸ்தோப்புச் சீமெந்தில் கரியால் ஓரடிக்கு ஒரு கோடு போட்டாள். ஓரத்தில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வலது காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் விரலையும் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் கடைசிக் கோட்டிலிருந்து ஒவ்வொரு கோடாக முன்னால் வந்து மூன்று தடவை ஆட்ட வேண்டும். கேட்டால் கையைத் தூக்குவாள். முதல் நாள் அவளிடமிருந்து ஆறாவது கோட்டில் கை எழுந்தது. அதே டின், அதே மிளகு, அதே கை, அதே இடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்தோம். ஒருமுறை பக்கத்து லயத்து வீட்டில் யாரோ றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் ஐந்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை திரும்பவும் ஆறு.

ஆவணிக் கடைசியில் மெசின் சரியானது. மர்வா மிஸ் போன வருடத்துக் கோப்பைத் தேடி எடுத்து, அன்றைக்கு எப்படி வைத்தாரோ அதே மாதிரி நல்லம்மாவின் தலையை வைத்து, முதலில் அதே தடிப்பில் வெட்டினார். பிறகு யாரிடமோ கெஞ்சி நேரம் வாங்கி, மருந்தும் ஏற்றி மெல்லிசாகவும் வெட்டினார். நான் வெளியில் நின்று, உள்ளே மெசின் தகரத்தில் கல் எறிவது மாதிரிச் சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக இரும்பு வைத்தவன் கடைசியில் கதவுக்கு வெளியில் நிற்கிறேன்.

தடிப்பு வெட்டில் பன்னிரண்டு. மெல்லிசு வெட்டில் பதினான்கு.

டொக்டர் இந்தமுறை அவசரப்படாமல் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “வளரவில்லை போலத்தான் இருக்கிறது,” என்றார். என் நெஞ்சில் இருந்த மூட்டை இறங்கப் பார்த்தது. அவர் முடிக்கவில்லை. “ஆனால் திருத்தும்போது தலைக்கு மாட்டும் பகுதியைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பழைய மெசின் என்று சொல்லவும் முடியாது. பதினொன்று பன்னிரண்டாகியிருக்கிறது. அது கட்டியா, மெசினா, அளந்தவர் புள்ளி வைத்த இடமா என்று தெரியாது.” கிளினிக் கொப்பியில் எழுதினார்: ஆறு மாதம் கழித்து, இதே மெசின், இதே தடிப்பு. எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, “இரும்பு,” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

நல்லம்மா சந்தோஷப்பட வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அந்தப் பதிலைத்தான் இத்தனை மாதமாக எல்லோரிடமும் வாங்கிக்கொண்டிருந்தேன், நானும் அதையே கொடுக்கிறேனே என்று ஆத்திரமாக வந்தது.

ஐப்பசி முதல் சனிக்கிழமை கடைசித் தவணை. முதலாளி கூலியை எண்ணினார். கொப்பியைப் பார்த்தார். “எழுநூத்தம்பதுதான் நிக்குது. அத உடு. நல்லம்மாவுக்குப் பழம் கிழம் வாங்கிட்டுப் போ,” என்றார்.

“வேணாம் மொதலாளி. புடிச்சுக்குங்க.”

“என்னடாப்பா, நான் தாறேன்னு சொல்றேன், நீ வீம்பு புடிக்கிற.”

“வீம்பு இல்லீங்க. இந்த ஒரு கணக்காச்சும் சரியா முடியட்டும்.”

அவர் எழுநூற்றைம்பதை எடுத்து, மேசை லாச்சியை இழுத்துத் திறந்து உள்ளே போட்டு, என் பெயர் இருந்த பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, அடியில் பூச்சியம் போட்டார். அதை நான் வாசித்தேன். வாசிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் வாசித்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. வானம் காலையிலிருந்தே இருட்டிக் கிடந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நல்லம்மா தன் இடத்தில் உட்கார்ந்து, பஞ்சை வைத்து, விரலை அழுத்திக்கொண்டாள். எட்டாவது கோட்டில் ஆட்டினேன். ஏழில் ஆட்டினேன். ஆறாவது கோட்டில் இரண்டு குதியையும் ஒட்டவைத்து நின்று, மூன்று தடவை ஆட்டினேன்.

கை எழும்பவில்லை.

அப்போதுதான் கூரைத் தகரத்தில் மழை விழுவது எனக்குக் கேட்டது. முதல் துளிகள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நான் ஆட்டுவதற்கு முன்னால் தொடங்கியதா, பின்னால் தொடங்கியதா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. அதற்குள் முழு மழையும் மலையிலிருந்து இறங்கி வந்து கூரையை அடைத்துக்கொண்டது. இனி டின்னை அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாலும் கேட்காது. நல்லம்மா திரும்பவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. நான் இன்னும் ஆட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் போல. சாரல் இஸ்தோப்புக்குள் அடித்துக் கரிக்கோடுகளை ஒவ்வொன்றாக நனைத்தது. ஆறாவது கோடு அழிந்துவிடாமல் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, மிளகு அசையாதபடி டின்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மழை விடும்வரை அப்படியே நின்றேன்.